தப்பு அம்மாவுடையது இல்லை

அம்மா ஆன்லைனில் நிரப்பிய படிவம் திரும்பி வந்ததைப் பற்றி நேற்று எழுதிய பதிவுக்கு வந்த பதில்களை ராத்திரி உட்கார்ந்து படித்தேன். "படிவத்தை ஒழுங்காகப் படித்து நிரப்பத் தெரியாதா?" என்று கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா படித்துத்தான் நிரப்பினார். குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம். 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நம்மில் எத்தனை பேருக்குக் கடைசிப் பெயர் இருக்கிறது? முன்னால் இனிஷியல், அப்புறம் பெயர், அவ்வளவுதான். காலியாக விட்டார், அடுத்த பக்கம் போகவில்லை. இனிஷியலைப் போட்டுப் புள்ளி வைத்தார், 'இன்வேலிட் இன்புட்' என்றது. எது இன்வேலிட் என்று சொல்லவில்லை. தமிழ்ப் படிவம்தான், ஆனால் தவறைச் சொல்லும்போது மட்டும் ஆங்கிலம். கடைசியில் அப்பாவின் பெயரை முழுதாக அடித்தார். ஏற்றுக்கொண்டது. இரண்டு வாரம் கழித்து, ஆதாரில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கட்டாயப்படுத்தி எழுத வைத்தது படிவம். தப்பு என்று திரும்பி வந்தது அம்மாவுக்கு.

ஆதாரிலேயே பெயருக்கு ஒரே கட்டம்தான். கடைசிப் பெயர் வழக்கம் உள்ள பிரிட்டனிலேயே அரசுப் படிவங்களுக்கான வடிவமைப்புக் கையேடு, ஒரே கட்டம் இருந்தால்தான் அதிக வகைப் பெயர்கள் அடங்கும் என்கிறது. இங்கே ஏன் முடியாது?

நிரப்பிக்கொண்டிருக்கும்போதே பாதியில் தளம் லாக்அவுட் ஆகிவிடுகிறது. அது பாதுகாப்புக்காகத்தான் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு நிமிடம் முன்னால் எச்சரிக்கலாமே, நிரப்பியதைச் சேமித்து வைக்கலாமே. போட்டோ ஐம்பது கேபிக்குள் வேண்டுமாம். போனில் எடுத்தால் மூன்று, நான்கு எம்பி வருகிறது. அதைச் சுருக்கும் வேலையைத் தளமே செய்யலாம். அறுபத்தாறு வயதுக்காரர் ஏன் செய்ய வேண்டும்?

"இ-சேவை மையத்துக்குப் போகலாமே" என்கிறீர்கள். போகலாம். கொளத்தூரிலிருந்து முட்டிவலியோடு பஸ் ஏறி, வரிசையில் நின்று, அங்கே இருக்கும் பையனும் அதே கட்டத்தைத்தானே பார்க்கப் போகிறான்?

படிவம் திரும்பி வந்த அன்று அம்மா போன் செய்து, "நான் என்னப்பா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். அப்பா இறந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அவர் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்திருக்கிறார். அதைத்தான் பொருந்தவில்லை என்று அனுப்பினார்கள். தெரியாதா என்று கேட்டவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

நாளை லீவு போட்டிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி நிரப்பப் போகிறோம். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.