'நான்கு கிட்னி இருக்கிறது' என்று வரும் செய்தி பொய்

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை பக்கத்து வாட்ஸப் குழுக்களில் மறுபடியும் வந்துவிட்டது: "நேற்று விபத்தில் கணவன், மனைவி இருவருக்கும் மூளைச்சாவு. நான்கு கிட்னி இருக்கிறது. பி பாசிட்டிவ், ஓ பாசிட்டிவ். தேவைப்படுவோர் உடனே அழைக்கவும்."

பல வருடமாகச் சுற்றும் பழைய செய்தி இது. அந்த 'நேற்று' மட்டும் மாறுவதே இல்லை. எடுத்த சிறுநீரகத்தைக் குளிர்பெட்டியில் வைத்தாலும் சுமார் 24 முதல் 36 மணி நேரம்தான் தாங்கும்.

சரி, உண்மையாகவே ஒருவர் மூளைச்சாவு அடைந்தாலும் முதலில் போன் செய்தவருக்கு உறுப்பு போகாது. கேரளத்தில் கே-சோட்டோ, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் டிரான்ஸ்டான் என்று அரசு அமைப்புகள் இருக்கின்றன. மருத்துவமனை வழியாகப் பதிந்தவர்களின் வரிசையைப் பார்த்து, ரத்த வகை பொருந்துகிறதா என்று பார்த்து ஒதுக்குவது அவர்கள்தான். இன்னாருக்குத்தான் என்று கொடுக்கிற குடும்பம்கூடச் சொல்ல முடியாது. உறுப்புக்குப் பணம் கேட்டால் 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி சிறை. 2011 திருத்தத்துக்குப் பிறகு 5 முதல் 10 ஆண்டு வரை.

போன மாதம் பாலக்காடு பஸ்ஸில் ஒரு அக்கா, டயாலிசிஸ் முடிந்து கையில் பஞ்சு ஒட்டியபடி, அந்தச் செய்தியில் இருந்த போன் எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். சுவிட்ச் ஆஃப்.

சந்தேகமிருந்தால் கே-சோட்டோ, டிரான்ஸ்டான் இணையதளங்களில் பாருங்கள், சிகிச்சை பெறும் மருத்துவமனையின் மாற்று அறுவை ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.