வண்டி வராத மலைச்சாலையில் சைக்கிள்: முதலில் ஏன் வரவில்லை என்று கேளுங்கள்

ஐரோப்பாவில் மலையேறி சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலானோர் டிவியில் ரேஸ் பார்த்து மனப்பாடமான பெயர்களைத்தான் சொல்கிறார்கள். ஸ்டெல்வியோ, ஆல்ப் துவேஸ், தூர்மாலே. தாராளமாகப் போங்கள். ஆனால் ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்வியோவின் 48 கொண்டை ஊசி வளைவுகளிலும் உங்களுக்கு முன்னால் ஒரு கேரவன் திணறிக்கொண்டிருக்கும், பின்னால் ஏழெட்டு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டிருக்கும். 2,757 மீட்டர் உயரத்தில் போய் டிராஃபிக்கில் நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

என் கட்சி வேறு. ஸ்பெயினின் வடகிழக்கில், கட்டலோனியாவில், பிரனீஸ் மலைத்தொடரின் தெற்கு அடுக்குகள். குறிப்பாக சேக்ரே ஆற்றுக்கும் நோகேரா பல்லாரேசா ஆற்றுக்கும் நடுவே உள்ள பகுதி. கணவாய்கள் 1,200 முதல் 1,700 மீட்டர்தான், பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஆனால் தார்ச்சாலை இருக்கிறது, ஏற்றம் இருக்கிறது, வார நாளில் ஒரு மணி நேரத்துக்கு நாலைந்து கார் வந்தால் அதிகம்.

ஏன் வருவதில்லை? ஏனென்றால் அங்கே ஆளே இல்லை. 20ஆம் நூற்றாண்டில் இந்த மலைக்கிராமங்களின் சனம் பிழைப்புக்காக பார்சலோனா பக்கம் இறங்கிப் போய்விட்டது. மிச்சம் இருப்பது சாலை, கல்வீடுகள், ஒரு சின்ன தேவாலயம், தலைக்கு மேல் வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகுகள். இதை ரசிக்கிறவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. ஆள் இல்லாத ஊரில் கடை எப்படி இருக்கும்? பஞ்சர் ஒட்டுகிறவர் எப்படி இருப்பார்? அமைதியான சாலைக்கு நாம் கொடுக்கும் விலை அதுதான். ஊர் செய்ய வேண்டியதையெல்லாம் உங்கள் பையும் வண்டியும் செய்ய வேண்டும்.

முதலில் சாலையைக் கண்டுபிடிக்கும் வழி. ஸ்பெயினில் சாலை எண் பலகையின் நிறமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். நீலம் விரைவுச்சாலை, அந்தப் பக்கமே வேண்டாம். சிவப்பு தேசியச் சாலை, ஆரஞ்சு மாநிலத்தின் முதல்நிலைச் சாலை. பச்சையும் மஞ்சளும்தான் நம்முடையவை. கட்டலோனியாவில் எழுத்தையும் பாருங்கள். மாகாண எழுத்தோடு 'வி' சேர்ந்து வந்தால், அதாவது பிவி, எல்வி, ஜிஐவி, டிவி என்றிருந்தால், அது ஊர் ஊராக வளைந்து போகும் சிறு சாலை. அமைதி உறுதி. சாலையின் தரம் உறுதியில்லை. ஒட்டுப்போட்ட தார், வளைவின் உள்பக்கத்தில் சிதறிய ஜல்லி, மழைக்குப் பிறகு உருண்டு விழுந்த பாறைத்துண்டு, எல்லாம் இருக்கும்.

ஒரே ஒரு சாலையைச் சொல்லச் சொன்னால் எல்-511. சேக்ரே பள்ளத்தாக்கில் உள்ள கோல் தெ நார்கோ என்ற ஊரில் தொடங்கி, 1,380 மீட்டர் உயரமுள்ள போய்ஷோல்ஸ் கணவாயை ஏறி, அதே பெயருள்ள குட்டி ஊருக்கு இறங்கி, மறுபடி ஃபைதெல்லா கணவாய் ஏறி, இசோனாவில் போய் முடிகிறது. 40 கிலோமீட்டருக்கும் மேல். வரைபடத்தில் சராசரிச் சரிவைப் பார்த்தால் நாலு சதவீதம்கூட இருக்காது, "இவ்வளவுதானா" என்று தோன்றும். அந்தச் சராசரி ஒரு ஏமாற்று. நடுநடுவே வரும் இறக்கங்கள் அதைக் குறைத்துக் காட்டுகின்றன, ஏறும் இடத்தில் ஒழுங்காகவே ஏறும். (கோல் தெ நார்கோவைச் சுற்றி டைனோசர் முட்டைப் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன, ஊருக்குள் அதற்கென்று ஒரு காட்சியகமே உண்டு. கிளம்பும் அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை.)

நேரக் கணக்கு இப்படி. சராசரி உடல்திறன் உள்ளவர் மணிக்கு 600 மீட்டர் உயரம் ஏறுவார் என்று வையுங்கள், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். எல்-511ல் மொத்த ஏற்றம் 1,000 மீட்டரைத் தாண்டும். இறக்கம், ஓய்வு எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம். வெயில் காலத்தில் மணிக்கு 750 மில்லி தண்ணீர் போகும், ஏற்றத்தில் ஒரு லிட்டர்கூட. ஆக, ஃபிரேமில் இருக்கும் இரண்டு 750 மில்லி பாட்டில் போதாது. சட்டைப் பையில் மூன்றாவது பாட்டில் வேண்டும். கிராமத்துக் குழாயை நம்பலாம், ஆனால் பலகையைப் படியுங்கள். 'நோ பொட்டாப்லே' என்றால் குடிக்கத் தகாதது. 'நோ திராக்தாதா' என்றால் குளோரின் போட்டுச் சுத்திகரிக்காத நீர். உள்ளூர்க்காரர்கள் இதைக் குடிக்கிறார்கள், வெளியூர்க்காரர் வயிற்றுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

சாப்பாட்டுக்கு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து இலக்கு. ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம்தான். விலை உயர்ந்த ஜெல் பாக்கெட்டைவிட ஸ்பெயின் மளிகைக் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும் மெம்பிரியோ என்ற சீமைமாதுளைப் பழ அல்வாவே மேல். 100 கிராம் வெட்டிச் சுற்றி எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரக் கணக்கு முடிந்தது, வெயிலில் உருகவும் செய்யாது. கடைகள் மதியம் 2 மணிக்கு மூடினால் 5 மணி வரை திறக்காது. ஞாயிற்றுக்கிழமை அநேகமாகத் திறக்கவே திறக்காது. சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

இன்னொரு விஷயம் நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. கோடையில் ஸ்பெயின் கடிகாரம் சூரியனைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் 2 மணி வாக்கில்தான். அதனால் வெக்கை உச்சம் தொடுவது மாலை 5 மணிக்கு. "மூணு மணி ஆச்சு, இனி வெயில் தணியும்" என்று ஏற ஆரம்பித்தால் தொலைந்தீர்கள். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழையும் சேரும். பகல் 1 மணிக்குள் கடைசிக் கணவாயைத் தாண்டிவிட வேண்டும்.

கியர் விஷயத்தில் வீம்பு வேண்டாம். 75 கிலோ ஆள், வண்டியும் பையும் சேர்த்து மொத்தம் 86 கிலோ, பத்து சதவீத ஏற்றம், நிமிடத்துக்கு 60 மிதி. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் மணிக்கு 9.3 கி.மீ. வேகம், அதற்கு ஏறக்குறைய 235 வாட் வேண்டும். பின்னால் 34 பல் போட்டால் அதே மிதியில் 7.7 கி.மீ., 195 வாட் போதும். அந்த 40 வாட் வித்தியாசம்தான் மூன்றாவது மணி நேரத்தில் முழங்காலைக் காப்பாற்றும்.

சரி, 11-34 கேசட் (11 பல் முதல் 34 பல் வரையுள்ள பின்சக்கரப் பல்சக்கரத் தொகுப்பு) வாங்கி மாட்டிவிடலாம் என்றால் மூன்று இடத்தில் சிக்கும். ஷிமானோ நிறுவனத்தின் 105 ஆர்7000 கியர் வரிசையில் குட்டைக் கூண்டு டீரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) 30 பல் வரைதான் தாங்கும், 34க்கு ஜிஎஸ் எனப்படும் நீளக் கூண்டு வேண்டும். அடுத்து, 11 ஸ்பீடு 11-34 கேசட்டை ரோடு சைக்கிள் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) மாட்டும்போது உள்ளே 1.85 மி.மீ. ஸ்பேசர் (இடைவளையம்) போட வேண்டும். விட்டுவிட்டால் கேசட்டைப் பூட்டும் லாக்ரிங்கை எவ்வளவு முறுக்கினாலும் கேசட் ஆடிக்கொண்டே இருக்கும். கடைசியாக செயின். பழைய 28 பல்லுக்கு வெட்டிய செயினை அப்படியே வைத்துக்கொண்டு முன்னாலும் பின்னாலும் பெரிய பல்லுக்கு மாற்றினால் செயின் நீளம் போதாமல் டீரெய்லர், அதை ஃபிரேமில் தாங்கும் ஹேங்கரோடு பிய்த்துக்கொண்டு வரும். ஊருக்குக் கிளம்பும் முன்னாலேயே புதுச் செயின் போட்டு நீளத்தைச் சரிபாருங்கள். உங்கள் ஃபிரேமுக்குரிய ஹேங்கர் ஒன்றைக் கூடுதலாக எடுத்துப் போங்கள். டியூபும் டயரும் பெரிய ஊரில் கிடைக்கும், ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு, அது கிடைக்காது.

இறக்கத்தில்தான் உண்மையான ஆபத்து. வண்டியை வாடகைக்கு எடுக்கிறீர்களா? நின்ற இடத்திலேயே இடது லீவரை அழுத்திப் பாருங்கள். நம் ஊரிலும் பிரிட்டனிலும் வலது கை முன் பிரேக். ஸ்பெயினிலும் பிரான்சிலும் இடது கைதான் முன் பிரேக். "லேசாகப் பின் பிரேக் பிடிக்கலாம்" என்று ஜல்லி கிடக்கும் வளைவில் இடது கையை அழுத்தினால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அடுத்த நொடி தரையில் கிடப்பீர்கள். கடைக்காரரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்றால் அது கொஞ்சம் வேலை, முந்தைய நாளே சொல்லுங்கள். அதோடு இடதுபுறம் ஓட்டிப் பழகியவர்கள் தடுமாறுவது ஓடும்போது அல்ல, காபி குடித்துவிட்டு மறுபடி ஏறும்போது. காலி சாலையில் எதிரே வண்டியே வராததால் தப்பான பக்கம் போவது தெரியவும் தெரியாது.

பயந்துகொண்டு பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே இறங்குவது பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் அதிகம். நேர்மாறு. வேகமாக இறங்கும்போது மலை தரும் ஆற்றலில் பெரும்பங்கைக் காற்று தின்றுவிடுகிறது. மணிக்கு 20 கி.மீ.யில் தேய்த்துக்கொண்டே வந்தால் ஏறக்குறைய முழுதும் பிரேக்குக்குள் சூடாக இறங்கும். நேர்ப்பாதையில் விட்டுவிடுங்கள், வளைவுக்கு முன் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். டிஸ்க் பிரேக் பேடில் தேயும் பகுதி அரை மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும், ஒரு மி.மீ. இருக்கும்போதே மாற்றிவிட்டுக் கிளம்புவது புத்திசாலித்தனம். புது பேடை மலையில் முதல்முறை சோதிக்காதீர்கள். சமதரையில் இருபது தடவை 30 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்குக் குறைத்துப் பழக்குங்கள்.

டயர் 30 அல்லது 32 மி.மீ., காற்று 60 பி.எஸ்.ஐ. ஒட்டி. 25 மி.மீ. டயரில் 100 அடைத்துக்கொண்டு மஞ்சள் பலகைச் சாலைக்கு வருகிறவர்களுக்கு வாழ்த்துகள்.

மேய்ச்சல் நிலங்களில் சாலைக்குக் குறுக்கே இரும்புக் கம்பித் தடுப்பு வரும். நேராகக் கடக்க வேண்டும், அதன் மேல் பிரேக்கோ திருப்பமோ கூடாது, ஈரமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். ஆட்டு மந்தையோடு மஸ்தீன் காவல் நாய் இருந்தால் ஓட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, மெதுவாக நடந்தால் மந்தையைத் தாண்டியதும் அது விட்டுவிடும். இலையுதிர் காலத்து வார இறுதிகளில் காட்டுப்பன்றி வேட்டைப் பலகை கண்டால் பளிச்சென்ற சட்டை போட்டிருப்பது நல்லது.

இன்னும் உயரம் வேண்டும் என்பவர்களுக்கு என்-260ல் அத்ராலுக்கும் சோர்ட்டுக்கும் நடுவே போர்ட் தெல் காண்டோ, 1,725 மீட்டர். சிவப்புப் பலகைதான், ஆனாலும் வார நாளில் காலியாக இருக்கும். சனி, ஞாயிறு மோட்டார் சைக்கிள்காரர்களின் ராஜ்ஜியம், அன்று தவிர்த்துவிடுங்கள். சோர்ட்டைவிட மேலே ஆறேழு டிகிரி குறைவு, வியர்த்த சட்டையோடு இறங்கினால் விரல் விறைத்து பிரேக் பிடிக்க முடியாது. காற்றுத் தடுப்புச் சட்டையும் முழுவிரல் கையுறையும் பையில் இருக்கட்டும்.

சட்டம்: ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். உங்களைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும், பெரும்பாலும் விடுகிறார்கள். காலம்: மே நடுவிலிருந்து ஜூன் முடிய, பிறகு செப்டம்பர். அவசர எண் 112, ஆனால் கணவாய்களில் சிக்னல் இல்லாத இடங்கள் உண்டு, எந்த வழியாகப் போகிறீர்கள் என்று தங்கும் இடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

உடம்போ வண்டியோ கைவிட்டால் இசோனாவிலிருந்து ட்ரெம்ப் சுமார் 20 கி.மீ., பெரும்பகுதி இறக்கம்தான். லா போப்லா தெ செகூரிலிருந்து லேய்தா போகும் ரயில் ட்ரெம்பில் நிற்கும். ரயில்கள் குறைவு, கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்துவிட்டுக் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று முடிவு செய்யுங்கள்.