தாயக்கட்டை யார் மடியில்?

வீடியோ கேம்களில் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் 'லூட் பாக்ஸ்' பெட்டிகளும் நாம் சிறுவயதில் வாங்கிய கிரிக்கெட் அட்டைப் பொட்டலமும் ஒன்றுதான் என்கிறார் ஒரு கட்டுரையாளர். நிரல் எழுதிப் பிழைப்பவன் நான், ஏற்க முடியவில்லை.

பொட்டலம் கடைக்கு வந்தபின் மாறாது. வாங்குவது யார் என்றும் அதற்குத் தெரியாது. விளையாட்டுச் செயலியிலோ, பெட்டி மினுமினுத்துத் திறப்பது பெரும்பாலும் வெறும் அலங்காரம். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் நிறுவனத்தின் கணினியான சர்வரில் ஓர் எண் பிறந்து, முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. அரிய பொருள் கிடைக்கும் வாய்ப்பு என்பது அங்கே அட்டவணையில் இருக்கும் ஓர் எண். 0.5-ஐ 0.3 ஆக்க ஒரு வரி போதும். ஆடுபவருக்குத் தெரியவே தெரியாது. தாயக்கட்டையை உருட்டினால் இருவரும் பார்க்கிறோம். இங்கே கட்டை எதிராளியின் மடிக்குள் உருளுகிறது!

ஜப்பான் 2012-லேயே 'கம்ப்ளீட் காச்சா' முறையை, அதாவது காசு கட்டிக் குலுக்கலில் கிடைக்கும் பொருள்களை ஒரு முழுத் தொகுப்பாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற முறையை, தடுத்தது. சீனா 2017 முதல் வாய்ப்பு விகிதத்தை வெளியிடச் சொன்னது. பெல்ஜியம் 2018-இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. இவற்றில் ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லையே?

'பெற்றோர் கவனித்தால் போதும்' என்று அவர் சொல்வது சுலபமான பேச்சு. என் அக்கா மகன் ரூபாய் கேட்பதில்லை, விளையாட்டுக்குள் செல்லும் நாணயமான 'வைரம்' கேட்கிறான். ரூபாயை வைரமாக்கி, வைரத்தைச் சாவியாக்கி, சாவியால் பெட்டியைத் திறக்க வேண்டும். ஒரு பெட்டியின் உண்மை விலையைக் கண்டுபிடிக்க எனக்கே தாளும் பேனாவும் தேவைப்பட்டன.