மொரார்ஜி நீக்கப்படவில்லை, விலகினார்

'1969-ல் துணைப் பிரதமர் பதவியிலிருந்து மொரார்ஜி தேசாயை இந்திரா நீக்கினார்' என்று எழுதியிருக்கிறீர்கள் அண்ணாச்சி. அது தப்பு. ஜூலை 16-ல் பறிக்கப்பட்டது நிதித்துறை மட்டும்தான்; துணைப் பிரதமராகத் தொடரலாம் என்றே இந்திரா சொன்னார். நிதி இல்லாத நாற்காலி வேண்டாமென்று மொரார்ஜியே ராஜினாமா கொடுத்தார். மூன்றே நாளில், ஜூலை 19-ல், 14 வங்கிகள் நாட்டுடைமை. வரிசையைப் பார்த்தாலே நிதித்துறையைப் பறித்த காரணம் விளங்கும்.

1963-ல் அவர் நிதியமைச்சர் பதவியை விட்டதும் மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குப் போக வேண்டும் என்ற காமராஜர் திட்டத்தின்படி கொடுத்த ராஜினாமாதான். அந்தக் காமராஜர்தான் 1969 ஜனவரி இடைத்தேர்தலில் ஜெயித்து நம்ம நாகர்கோவில் எம்.பி.யாக இருந்தார். நாமே இதை மாற்றிச் சொல்வது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளும் பார்ப்பார்கள், அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.