ஸ்டீம் கணக்கு எல்லா கேமுக்கும் கட்டாயம் அல்ல

"ஸ்டீம் கணக்கு இல்லையென்றால் கணினியில் எந்த கேமையும் விளையாட முடியாது, மாட் போடவும் முடியாது" என்று சிலர் சொல்வது பாதிதான் உண்மை. ஸ்டீம் என்பது கணினி கேம்களை விற்கும் இணையத் தளம்; மாட் என்பது ஒரு கேமில் பெரும்பாலும் ரசிகர்களே செய்து சேர்க்கும் மாற்றம். 2004-இல் வந்த ஹாஃப்-லைஃப் 2 போன்ற கேம்களுக்கு ஸ்டீம் கட்டாயமாக இருந்தது. ஸ்டீமுக்குள்ளேயே மாட்களைப் பகிரும் பகுதியான ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் மட்டுமே வெளியாகும் மாட்களுக்கும் பொதுவாக அந்தக் கணக்கு வேண்டும். ஆனால் ஒரு கேம், கேம் விற்கும் இன்னொரு தளமான ஜிஓஜியிலும் கிடைக்கிறதென்றால், அங்கு வாங்கவும் இறக்கவும்தான் கணக்கு தேவை. கேமை நிறுவும் கோப்பான இன்ஸ்டாலரைப் பத்திரப்படுத்திக்கொண்டால், பிறகு எங்கும் உள்நுழையாமல், இணையமே இல்லாமல்கூட நிறுவித் தனியாக விளையாடலாம். காசு கொடுப்பவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு விளக்குகிறேன்.

மாட் என்பது பெரும்பாலும் உரிய கோப்புறையில் வைக்கப்படும் கோப்புகள்தான். ஸ்டார்டியூ வேலி என்ற கேமின் ஜிஓஜி பதிப்பில், மாட்களை கேமில் ஏற்றும் ஸ்மாப்பி என்ற இலவச மாட் லோடரை நிறுவி, மாட்டின் ஜிப் கோப்பைப் பிரித்து, கேம் இருக்கும் இடத்திலுள்ள ‘மாட்ஸ்’ கோப்புறையில் வைத்து, ஸ்மாப்பி வழியாகவே கேமைத் தொடங்கினால் போதும். மாட்களை வழங்கும் நெக்ஸஸ் மாட்ஸ் போன்ற தளங்கள் பதிவிறக்கத்துக்குத் தனிக் கணக்கு கேட்கும். ஆனால் அது விளையாடுவதற்கான கணக்கு அல்ல. மின்கிராஃப்டை முறையாக வாங்கி விளையாடுவதற்கோ மைக்ரோசாஃப்ட் கணக்குதான் வேண்டும், ஸ்டீமுக்கு அங்கே வேலையே இல்லை.