மேலிருந்து இறங்கும் கை
புதிதாக வந்த பறவையை முதல் நாளிலேயே கையில் பிடித்துப் பழக்கினால் அச்சம் தெளிந்துவிடும் என்று வளர்ப்புப் பறவைகளைப் பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரை கூறுவதை என் அனுபவம் ஏற்கவில்லை. மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டிலுள்ள பட்ஜி, அதாவது நம்மவர்கள் பெரும்பாலும் லவ் பேர்ட்ஸ் என்றே அழைக்கும் ஆஸ்திரேலியச் சிறுகிளி, கடைக்காரர் துரத்திப் பிடித்த அதிர்ச்சியில் மூன்று நாட்கள் இறகுகளை உடலோடு இறுக்கிக்கொண்டு கூண்டின் மூலையிலேயே நின்றது. வல்லூறுகளுக்கு இரையாகும் இனமாதலால், மேலிருந்து இறங்கும் கை அதற்கு வல்லூறாகவே தோன்றும். ஆகவே கூண்டைக் கண்மட்டத்திற்கு உயர்த்தி, அருகில் அமர்ந்து தாழ்ந்த குரலில் நாளிதழ் வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டாம் வாரம், கம்பிகளுக்கிடையே நான் நீட்டிய தினைக்கதிரை ஒருமுறை கொத்திவிட்டுப் பின்வாங்கியது. ஐந்தாம் வாரத்தில்தான், எதிர்வீட்டுக் குக்கர் விசில் ஓய்ந்த ஒரு பிற்பகலில், என் விரல்மீது ஒரு காலை வைத்தது. மறுகாலைக் குச்சியிலிருந்து எடுக்க மேலும் இரண்டு நாட்கள் ஆயின.