ரவுண்டானா நடுவில் ஒரு சைக்கிள்

ஊரிலிருந்து வந்த மாமனாருக்கு சவூதியின் ஜெத்தா நகரைச் சுற்றிக் காட்டக் கிளம்பினேன். முதலில் அந்த ராட்சத சைக்கிள் சிற்பம். ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் ஹூலியோ லாஃபுவென்டே செய்தது. அதை வைத்திருப்பதோ ரவுண்டானா நடுவில்! நிறுத்த இடமில்லை, நடந்து போக வழியில்லை. மூன்று முறை வலம் வந்தோம். "கோயில்லகூட இவ்வளவு சுத்தினதில்ல மாப்ள" என்றார். அவர் எடுத்த படத்தில் பாதிச் சக்கரம், மீதி ஒரு தண்ணீர் லாரி.

கடற்கரைச் சிற்பப் பூங்காவில் மட்டும் நிம்மதி. ஹென்றி மூர், மிரோ போன்ற உலகப் புகழ் கலைஞர்களின் சிற்பங்களைத் தொடும் தூரத்தில் நின்று பார்க்கலாம்.

அப்புறம் ஃபஹத் மன்னர் நீரூற்று. 1985 முதல் கடல்நீரை 260 மீட்டருக்கு மேல் பீய்ச்சியடிக்கிறது. கிட்டத்தில் பார்க்கலாம் என்று போனால், காற்று எங்கள் பக்கம் திரும்பியது. என் மூக்குக்கண்ணாடியில் விழுந்த சாரல் காய்ந்து உப்புப் பூத்துவிட்டது. சட்டை நுனியால் துடைத்தேன், இன்னும் மங்கல். மாமனார் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஊற்றை அண்ணாந்து பார்க்க, அது சட்டென்று நின்றுபோனது. காற்று அதிகமாம்.

"சரி, டீ கிடைக்குமா?" என்றார்.